ஏரிக்கு அக்கரையில் ஒரு பெயர்

(சதீஷ் தவான்: ஒரு வாழ்க்கைச் சித்திரம்)

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது நான் முதலில் மழுப்பத்தான் பார்த்தேன். கட்டுரை எழுதுவதெல்லாம் எங்கள் செட்டில் வேறு ஆட்களுடைய வேலை. நமக்கு லேப் ரெக்கார்டையே பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதித்தான் பழக்கம். ஆனால் அவர்கள் விடுவதாக இல்லை. உன் வேலையைப் பற்றி எழுது, இல்லாவிட்டால் யாராவது ஒரு பெரிய மனிதரைப் பற்றி எழுது, பழைய மாணவர்களும் படிக்க வேண்டும், இப்போது படிக்கிற பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று கட்டளை. சரி, இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

அதிர்ச்சி அலை வந்து தாக்கினால் இரண்டு வாயுக்கள் எப்படி நிலைகுலைந்து ஒன்றோடொன்று கலக்கின்றன என்பதைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பது என் வேலை. பெரிய மனிதர், பேராசிரியர் சதீஷ் தவான். அவர் நம் கல்லூரியில் படித்தவரில்லை, பாடம் நடத்தியவரும் இல்லை. நான் அவரை நேரில் பார்த்ததும் கிடையாது. இருந்தாலும் என் வாழ்க்கையில் ஒரு முக்கியமான காலை நேரத்தில் அவர்தான் என்னைக் கையைப் பிடித்து எழுப்பி நிறுத்தினார். அது எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ராக்கெட் விடுகிற நாள்

எங்கள் ஊர் பழவேற்காட்டில் ஒரு மீனவக் குப்பம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி, நடுவில் நாங்கள். சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி இதுதான். டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டை கட்டினார்கள். கோட்டை இடிந்து போய்விட்டது, அவர்களுடைய கல்லறைகள் மட்டும் இன்னும் இருக்கின்றன. ஆரணி ஆறும் காளங்கி ஆறும் ஏரியில் வந்து விழும். முகத்துவாரம் வழியாகக் கடல் தண்ணி உள்ளே வரும். நல்ல தண்ணியும் உப்புத் தண்ணியும் கலந்தால்தான் இறால், மடவை, நண்டு எல்லாம். முகத்துவாரம் மண் மூடிக்கொண்டால் கலப்பு நின்றுபோகும், கூடவே எங்கள் வீட்டு அடுப்பும் நின்றுபோகும். ஆகவே கலத்தல் என்பது எனக்குக் கல்லூரியில் வந்து கற்றுக்கொண்ட பாடம் அல்ல.

ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவே, எங்களுக்கு வடக்கில் நீண்டு கிடக்கிற தீவுதான் ஸ்ரீஹரிக்கோட்டா. ஆந்திர மாநிலத்தில் இருக்கிறது. ராக்கெட் தளத்துக்காக 1969-ல் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1971 அக்டோபர் 9-ந் தேதி ரோகிணி-125 என்கிற சின்ன ராக்கெட் அங்கிருந்து முதன்முதலாகக் கிளம்பியது.

ராக்கெட் விடுகிற நாளில் எங்கள் ஆட்கள் கடலுக்குப் போகக் கூடாது. முன்கூட்டியே சொல்லி அனுப்பிவிடுவார்கள். வெளியூர்க்காரர்கள் கார் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்க வருவார்கள். எங்கள் நைனாவோ (எங்க பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) அன்றைக்குப் பாடு போச்சே என்று முணுமுணுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து வலையைச் சரி பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய கோபம் நியாயமான கோபம்தான். வேடிக்கை பார்ப்பவனுக்கு அது ஒரு நாள், எங்களுக்கு அது ஒரு நாள் வரும்படி.

2001 ஏப்ரல் 18-ந் தேதி முதல் ஜி.எஸ்.எல்.வி. கிளம்பியது. எனக்குப் பதினோரு வயசு. கரையில் நின்று பார்த்தேன். வெளிச்சம் முதலில் வந்தது. ராக்கெட் பாட்டுக்கு மேலே போகிறது, சத்தத்தையே காணோம். மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். கிட்டத்தட்ட நூறு எண்ணிய பிறகு தரை வழியாக ஏறி வருகிற மாதிரி ஓர் உறுமல் வந்து சேர்ந்தது. ஒலியின் வேகம் விநாடிக்கு சுமார் 340 மீட்டர் என்று அப்புறம் பள்ளிக்கூடத்தில் படித்தபோது கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 34 கிலோமீட்டர். வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ சரியாக இருந்தது! நான் பொறியியல் படிக்கப் போனதற்கு அந்த நூறு எண்ணிக்கைதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

மறு வருஷம், 2002 ஜனவரி 3-ந் தேதி, சதீஷ் தவான் பெங்களூரில் காலமானார். அந்த வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி ஏரிக்கு அக்கரையில் இருந்த தளத்துக்கு சதீஷ் தவான் விண்வெளி மையம் என்று பெயர் வைத்தார்கள். யார் சார் இவர் என்று அறிவியல் வாத்தியாரைக் கேட்டேன். காற்றைப் படித்தவர் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது.

நான்கு படிப்பு படித்தவர்

தவான் பிறந்தது 1920 செப்டம்பர் 25-ந் தேதி, ஸ்ரீநகரில். படித்தது லாகூரில், பஞ்சாப் பல்கலைக்கழகத்தில். முதலில் கணிதமும் இயற்பியலும் படித்து பி.ஏ. அப்புறம் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. அதற்கும் பிறகு 1945-ல் இயந்திரப் பொறியியலில் பட்டம். எனக்கு மெக்கானிக்கல்தான் கிடைத்தது, கம்ப்யூட்டர் கிடைக்கவில்லை என்று முதலாண்டில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைகிற தம்பி தங்கைகள் இந்தப் பட்டியலை இன்னொரு தரம் படிக்கவும். இலக்கியம் படித்த ஒருவர்தான் பிற்பாடு நாட்டின் ராக்கெட் வேலைகளுக்கெல்லாம் தலைவர் ஆனார்.

படிப்பு முடிந்து அமெரிக்கா போனார். 1947-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியலில் எம்.எஸ். முடித்தார். அதே வருஷம் நாடு இரண்டாகப் பிரிந்தது. அவர் படித்த லாகூர் வேறு நாடாகிவிட்டது. நாம் எல்லாரும் பழைய கேன்டீனைப் பார்க்கலாம், பழைய ஹாஸ்டல் அறையை எட்டிப் பார்க்கலாம் என்று இங்கே கூடியிருக்கிறோம். அவர் காலத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு அந்த பாக்கியம் இல்லாமல் போயிற்று.

அங்கிருந்து கலிஃபோர்னியாவில் இருக்கும் கால்டெக். ஹான்ஸ் லீப்மன் என்ற புகழ்பெற்ற பேராசிரியரிடம் சேர்ந்து 1951-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அந்தக் காலம் விமானங்கள் ஒலியின் வேகத்தைத் தாண்டத் தொடங்கிய காலம். ஒலியை மிஞ்சும் வேகத்தில் ஒரு பொருள் போனால், முன்னால் இருக்கிற காற்றுக்கு விலக நேரம் கிடைக்காது. அழுத்தமும் அடர்த்தியும் வெப்பமும் ஒரே தாவலாகத் தாவும். அந்தத் தாவல்தான் அதிர்ச்சி அலை. ஒரு தாளின் கனத்தைவிட எத்தனையோ மடங்கு மெல்லியது அது.

அந்த அலை விமானத்தின் தோலில் வந்து மோதும் இடத்தில், தோலை ஒட்டி மெதுவாக ஊர்கிற காற்றின் மெல்லிய அடுக்கு என்ன ஆகும்? லீப்மன், அனடோல் ரோஷ்கோ, தவான் மூவரும் இதைச் சோதனை செய்து எழுதிய அறிக்கை 1952-ல் வெளிவந்தது. அந்த அடுக்கு அமைதியாக ஓடினால் அலையின் பாதிப்பு வெகு தூரம் முன்னோக்கிப் பரவுகிறது, கொந்தளிப்பாக ஓடினால் பாதிப்பு சுருங்கிவிடுகிறது என்று காட்டினார்கள். ரோஷ்கோ என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருவார்.

தவானுடைய டாக்டர் பட்ட வேலை வேறொன்று. காற்று ஒரு தகட்டின் மேல் ஓடும்போது எவ்வளவு உரசுகிறது என்பதை அதுவரை பெரும்பாலும் சுற்றி வளைத்து, வேறு எதையாவது அளந்து, அதிலிருந்து கணக்கிட்டுத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தவான் என்ன செய்தார் தெரியுமா? சுவரிலிருந்தே ஒரு சின்னஞ்சிறு துண்டை வெட்டி, சுற்றிலும் மயிரிழை இடைவெளி விட்டு, அதை மட்டும் மிதக்கிற மாதிரி பொருத்தினார். காற்று அந்தத் துண்டை எவ்வளவு இழுக்கிறது என்று நேரடியாக அளந்துவிட்டார். ஒலிக்குக் கீழான வேகத்திலும் அளந்தார், மேலான வேகத்திலும் அளந்தார். கேட்டால் அட, இவ்வளவுதானா என்று தோன்றும். செய்து பார்த்தவனுக்குத்தான் தெரியும், அந்தத் துண்டு ஒரு துளி மேலே தூக்கிக்கொண்டிருந்தாலும் அளவு தப்பாகிவிடும் என்று.

அவருடைய வாழ்க்கை முழுவதையும் அந்த மிதக்கும் துண்டில் பார்க்கலாம் என்பது என் எண்ணம். யூகித்துச் சொல்ல மாட்டார், அளந்து சொல்வார். மற்றவர்கள் சுற்றி வளைத்துப் போகும் இடத்துக்கு அவர் நேராகப் போய் நிற்பார்.

பெங்களூரில்

1951-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். 1955-ல் விமானப் பொறியியல் துறைத் தலைவர். நாட்டில் ஒலியை மிஞ்சும் காற்றுச் சுரங்கம் எதுவும் இல்லாத காலம். கையில் கிடைத்ததை வைத்து, சிக்கனமாக, மாணவர்களோடு சேர்ந்து அங்கேயே கட்டினார். அந்த அனுபவம்தான் பிற்பாடு தேசிய விமானவியல் ஆய்வகத்தின் பெரிய சுரங்கத்துக்கு வழி காட்டியது.

பின்னாளில் பெரிய விஞ்ஞானியான ரொத்தம் நரசிம்மா அப்போது அவருடைய மாணவர். அமைதியான ஓட்டம் ஒரேயடியாகக் கொந்தளிப்பாக மாறுவதில்லை, நடுவில் ஒரு பகுதியில் கொஞ்ச நேரம் அமைதி, கொஞ்ச நேரம் கொந்தளிப்பு என்று மாறி மாறி வரும். அந்தப் பகுதிக்கு இருவரும் சேர்ந்து 1958-ல் ஒரு கணக்கு வகுத்தார்கள். இன்றைக்கும் அதைப் பயன்படுத்துகிறோம்.

1962-ல் கழகத்தின் இயக்குநர் ஆனார். அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயசுகூட ஆகியிருக்கவில்லை, அல்லது அப்போதுதான் ஆகியிருக்கும். 1981 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என். ராமச்சந்திரனைப் பெங்களூருக்கு அழைத்துக்கொண்டது அவர் காலத்தில்தான். கிராமத்து அடுப்புக்கும் வீட்டுக்கும் ஏற்ற தொழில்நுட்பம் காண 1974-ல் அஸ்த்ரா என்ற அமைப்பு தொடங்கியதும் அவர் காலத்தில்தான்.

என் வேலையும் என் தப்பும்

இங்கே கொஞ்சம் நிறுத்தி என் கதைக்கு வருகிறேன்.

ஒரே அலை இரண்டு படகுகளைத் தாக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மீன் நிறைந்த கனமான படகு, மற்றது வெறும் கட்டுமரம். தள்ளு ஒன்றுதான், ஆனால் கட்டுமரம் சட்டென்று ஓடும், படகு அசமந்தமாக நகரும். இரண்டையும் ஒரு கயிறு கட்டி வைத்திருந்தால் கயிறு முறுக்கிக்கொண்டு சுழலும். கனமான வாயுவும் லேசான வாயுவும் சேருகிற எல்லையில் அதிர்ச்சி அலை பட்டால் இதுதான் நடக்கிறது. எல்லை நேர்கோடாக இருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் எந்த எல்லையும் துல்லியமான நேர்கோடு கிடையாது, சிறு நெளிவு இருக்கத்தான் செய்யும். அந்த நெளிவின் சரிவுகளில் சுழல் பிறக்கும். நெளிவு வளரும், ஒரு பக்கம் ஊசிபோல் நீளும், மறு பக்கம் குமிழ்போல் வீங்கும், நுனிகள் காளான் குடைபோல் சுருளும், கடைசியில் எல்லாம் உடைந்து ஒரே கலக்கலாகிவிடும்.

இதை 1960-ல் கணக்குப் போட்டுச் சொன்னவர் அமெரிக்கர் ராபர்ட் ரிச்ட்மையர். 1969-ல் சோதனையில் காட்டியவர் சோவியத் நாட்டின் மெஷ்கோவ். அதனால் ரிச்ட்மையர்-மெஷ்கோவ் நிலையின்மை என்று பெயர். வெடிக்கிற நட்சத்திரங்களில் இது நடக்கிறது. லேசர் கொண்டு அணுக்களை இணைத்து ஆற்றல் எடுக்கப் பார்க்கும் சோதனைகளில் இது பெரிய எதிரி. ஆனால் ஸ்க்ராம்ஜெட் என்ஜினில் இதுவே நண்பன். அங்கே காற்று ஒலியைவிட வேகமாக உள்ளே பாய்கிறது. எரிபொருள் அதோடு கலந்து எரிய ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு போல்தான் நேரம் கிடைக்கும். அதிர்ச்சி அலையை வைத்தே கலக்கலாமே என்று கால்டெக்கின் ஃபிராங்க் மார்பிள் 1980-களில் வழி காட்டினார்.

கம்ப்யூட்டரில் இதைக் கணக்கிட, காற்று இருக்கும் இடம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரிப்போம். ஒரு வலை மாதிரி. நீ என்னடா வேலை செய்றே என்று நைனா கேட்டபோது, நானும் வலைதான் போடுறேன், காத்துல போடுறேன் என்று சொன்னேன். அவர் உடனே கேட்டது, எந்தக் கண்ணு வலை என்று. சிரிக்காதீர்கள், இந்தத் துறையின் மிக முக்கியமான கேள்வி அதுதான். கண் பெரிசாக இருந்தால் சின்ன மீன் தப்பிவிடும். எங்கள் கணக்கிலோ சின்னச் சுழல் தப்புவது மட்டுமில்லை, அதைவிட மோசம்: இல்லாத கலப்பை வலையே உண்டாக்கிவிடும். அதிர்ச்சி அலை அவ்வளவு மெல்லியதாக இருப்பதால் கணக்கில் அதைக் கொஞ்சம் தடிப்பாக்கித்தான் பிடிக்க முடியும். அதற்கு 1950-லேயே வழி கண்டவர்கள் வான் நாய்மனும் அதே ரிச்ட்மையரும்தான். ஆனால் அந்தத் தடிப்பு இரண்டு வாயுக்களின் எல்லையிலும் சேர்ந்து விழுந்தால், இயற்கையில் கலக்காதது கூட கம்ப்யூட்டரில் கலந்துவிடும். படம் மட்டும் பிரமாதமாக இருக்கும்.

சில வருஷங்களுக்கு முன்னால், நான் அப்போது வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், எனக்கு இதுதான் நடந்தது. கெடு நெருங்கிவிட்டது. கண் பெரிசாக இருந்தாலும் பரவாயில்லை, சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நான்தான் முடிவெடுத்தேன். வலையைத் தயார் செய்தது புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். இன்னும் சிறியதாகப் போட வேண்டாமா சார் என்று அவள் கேட்டாள், நான் வேண்டாம் என்றேன். கலர் கலராகப் படம் காட்டி, நன்றாகக் கலக்கிறது என்று அறிக்கை கொடுத்தோம். சில மாதம் கழித்து வாடிக்கையாளரின் சோதனை முடிவு வந்தது. நாங்கள் சொன்ன கலப்பில் பாதிகூட அங்கே இல்லை.

மறுநாள் காலை மீட்டிங். முதல் நாள் இரவு நான் எழுதி வைத்த விளக்கத்தில் ஒரு வரி இருந்தது: வலை இன்னாரால் தயாரிக்கப்பட்டது. பொய் இல்லை, அந்தப் பெண்தானே தயாரித்தாள்! ஆனால் அந்த ஒரு வரி போதும், வேலை நிரந்தரமாகாமலே அவள் வீட்டுக்குப் போக. இதை எழுதிவிட்டுத் தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 10, 1979

விக்ரம் சாராபாய் 1971 டிசம்பர் 30-ந் தேதி திடீரென்று காலமானபோது, தவான் விடுப்பில் கால்டெக்கில் இருந்தார். இந்திரா காந்தி அவரை அழைத்து விண்வெளித் திட்டத்தை ஏற்கச் சொன்னார். தவான் இரண்டு நிபந்தனை வைத்தார்: தலைமையகம் பெங்களூரில் இருக்க வேண்டும், அறிவியல் கழகத்தின் இயக்குநர் பதவியையும் தொடர அனுமதிக்க வேண்டும். கால்டெக் வேலையை முடித்துக்கொண்டு 1972-ல் வந்து பொறுப்பேற்றார். இடைப்பட்ட மாதங்களில் எம்.ஜி.கே. மேனன் பார்த்துக்கொண்டார். 1975 ஏப்ரல் 19-ந் தேதி ஆரியபட்டா, சோவியத் ராக்கெட்டில் ஏறி விண்ணுக்குப் போனது. அடுத்தது, நம்முடைய ராக்கெட்டிலேயே நம்முடைய செயற்கைக்கோள்.

அந்த ராக்கெட் எஸ்.எல்.வி.-3. உயரம் 22 மீட்டர், எடை 17 டன், நான்கு கட்டம். திட்ட இயக்குநர், ராமேஸ்வரத்தில் படகு வைத்திருந்தவரின் மகன் அப்துல் கலாம். 1979 ஆகஸ்ட் 10-ந் தேதி காலை ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து கிளம்பியது. முதல் கட்டம் ஒழுங்காக எரிந்தது. இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடு போய்விட்டது. வால்வு ஒன்று சரியாக மூடாமல் அமிலம் கசிந்துபோயிருந்தது. ஐந்து நிமிஷத்துக்குச் சற்று மேல், எல்லாம் வங்காள விரிகுடாவில். எங்கள் கடலில்.

பல வருஷ உழைப்பு அது. வெளியே பத்திரிகைக்காரர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். புறப்படலாமா வேண்டாமா என்று கடைசி நிமிஷத்தில் முடிவெடுத்தவர் கலாம். அவரை முன்னால் நிறுத்தியிருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். தவான் அப்படிச் செய்யவில்லை. கலாமைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, தாமே பேசினார். தோல்விக்குத் தாம் பொறுப்பு என்றும், இந்தக் குழுமேல் தமக்கு நம்பிக்கை இருக்கிறது என்றும், அடுத்த முறை வெற்றி பெறுவார்கள் என்றும் சொன்னார். அத்தோடு நிற்கவில்லை. என்ன தப்பு நடந்தது என்று அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்து சரி செய்தார்கள். 1980 ஜூலை 18-ந் தேதி எஸ்.எல்.வி.-3 மறுபடி கிளம்பி, 35 கிலோ எடையுள்ள ரோகிணியைச் சுற்றுப்பாதையில் கொண்டுபோய் விட்டது. அன்றைக்கும் பத்திரிகையாளர் கூட்டம். தவான் பின்னால் இருந்துகொண்டு, கலாமைப் போய்ப் பேசச் சொன்னார். கலாம் 2015-ல் மறையும் வரைக்கும் இந்த நிகழ்ச்சியை மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அதை அவர் பேச்சில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

தலைவர் பெருந்தன்மையாக நடந்துகொண்டார் என்று மட்டும் இதைச் சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு அதில் அந்த மிதக்கும் துண்டுதான் தெரிகிறது. இழுப்பு எங்கே விழுகிறதோ அங்கேயே நேராக அளக்க வேண்டும், பக்கத்தில் உள்ளதை வைத்து ஒப்பேற்றக் கூடாது. அறிவியலில் அப்படிப் பழகிய மனிதர், பொறுப்பு யார்மேல் விழ வேண்டும் என்ற கேள்வியிலும் அப்படியே நடந்துகொண்டார். முடிவெடுக்கிற இடத்தில் தலைவராக இருந்தவர், விழுகிற இடத்திலும் தலைவராகவே நின்றார்.

அன்று விடியற்காலையில் எழுந்து அந்த ஒரு வரியை அடித்துவிட்டேன். மீட்டிங்கில் எழுந்து, கண் பெரிசாகப் போடச் சொன்னது நான், அந்தப் பெண் சிறியதாகப் போடலாம் என்று கேட்டாள், நான்தான் மறுத்தேன் என்று சொன்னேன். கால் நடுங்கியது, மறைக்காமல் சொல்கிறேன். பலன் என்ன என்றால், அந்த வருஷம் எனக்குப் பதவி உயர்வு இல்லை. அவள் வேலை நிரந்தரமானது. வலையைப் பாதியாக்கி, மறுபடி பாதியாக்கி, விடை மாறாமல் நிற்கும் வரை ஓட்டினோம். சோதனைக்கு ஓரளவு பக்கத்தில் வந்தது. எல்லாக் கணக்கையும் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

ஏரியும் பறவையும்

தவான் 1984-ல் ஓய்வு பெற்றார். அதற்கு முன்பே, 1971-ல் பத்மபூஷணும் 1981-ல் பத்மவிபூஷணும் வந்து சேர்ந்திருந்தன. ஓய்வு பெற்ற பிறகு அவர் எழுதிய புத்தகம் எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? ராக்கெட் இல்லை. பறவைகள் பறப்பதைப் பற்றி. 1991-ல் இந்திய அறிவியல் அகாடமி வெளியிட்டது. சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிக்கோட்டா போகிற சாலை எங்கள் ஏரியைக் குறுக்கே கடந்துதான் போகும். குளிர்காலத்தில் இரு பக்கமும் பூநாரைகள் நிற்கும், கூழைக்கடாக்கள் இறக்கையை அசைக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். தலைவர் என்ற முறையில் எத்தனையோ முறை அந்த வழியாகப் போனவர் அவர். காற்றைப் படித்தவர் கார் ஜன்னல் வழியாக அவற்றைப் பார்க்காமல் இருந்திருப்பாரா?

எல்லாம் இனிப்பாகவே சொல்லிவிடக் கூடாது. தளம் வந்தபோது அந்தத் தீவில் காலங்காலமாக இருந்த யானாதிகள் உள்ளிட்ட பலர் இடம்பெயர நேர்ந்தது. ராக்கெட் விடுகிற நாளில் எங்கள் குப்பத்து அடுப்பு யோசித்துத்தான் எரியும். அந்தக் கணக்கையும் நேராக அளக்கத்தான் வேண்டும் என்பது, அவரிடமிருந்தே நான் எடுத்துக்கொண்ட பாடம்.

ரோஷ்கோ பின்னால் வருவார் என்று சொன்னேன் அல்லவா? தவானுடைய பழைய கால்டெக் தோழர் அவர். 1974-ல் பிரவுன் என்பவரோடு சேர்ந்து ஹீலியமும் நைட்ரஜனும் கலப்பதைப் படம் பிடித்தார். தாறுமாறு என்று எல்லாரும் நினைத்திருந்த கலக்கலுக்குள்ளே பெரிய பெரிய சுழல்கள் வரிசையாக உருண்டு போவதை உலகத்துக்குக் காட்டினார். இன்றைக்கு நான் போடும் ஒவ்வொரு கணக்கிலும் அந்தச் சுழல்களைத்தான் முதலில் தேடுகிறேன்.

2016 ஆகஸ்ட் 28-ந் தேதி காலை, ஏரிக்கு அக்கரையில், தவான் பெயர் தாங்கிய தளத்திலிருந்து நம் நாட்டின் ஸ்க்ராம்ஜெட் என்ஜின் சோதனை நடந்தது. ஒலியைப் போல் ஆறு மடங்கு வேகம். காற்று உள்ளே பாய்ந்து, ஹைட்ரஜனோடு கலந்து, 5 விநாடி எரிந்தது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியில் கலக்க வேண்டிய இடத்தில் ஐந்து விநாடி விடாமல் எரிவது சின்ன விஷயமில்லை. கால்டெக்கில் அதிர்ச்சி அலை சுவரில் மோதுவதைப் பார்த்துக்கொண்டிருந்த இளைஞரை அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். நைனா இப்போது கடலுக்குப் போவதில்லை, வலை பின்னுவதோடு சரி. இப்ப எந்தக் கண்ணு வலை போடுறே என்று கேட்டார். பொடிக் கண்ணு, நைனா என்றேன். நேரம் ஜாஸ்தி ஆகுமே என்றார். ஆகும்தான்.

இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஓர் அழைப்பு. அடுத்த ராக்கெட் விடுகிற நாளில் பழவேற்காடு வாருங்கள். கரையில் நின்று, வெளிச்சம் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். நூறு எண்ணும்போது சத்தம் வருகிறதா என்று நீங்களே அளந்து பாருங்கள், நான் சொன்னேன் என்று நம்ப வேண்டாம். வந்தால் எங்கள் வீட்டில் இறால் குழம்பு உண்டு, அன்றைக்குக் கடலுக்குப் போகாததால் முந்தின நாள் இறால்தான், பொறுத்துக்கொள்ளவும்.